மான் வேட்டைக்கு ஒரு தீவு: ரம் தீவின் கதை

மான் வேட்டைக்கு ஒரு தீவு வாங்கணும்னு ஒரு பணக்காரர் முடிவு பண்ணிட்டார்னு வைங்க. அவர் என்னென்ன பார்ப்பார்?

முதலில் சொந்தப் படகு வந்து நிற்க ஓர் அடக்கமான விரிகுடா வேணும். மானுக்குத் தெரியாமல் பதுங்கிப் போக மேடு பள்ளமான மலை வேணும். குளிர்காலத்தில் மான் பட்டினி கிடக்காமல் இருக்கக் கடலோரத்தில் கொஞ்சம் நல்ல புல்வெளி வேணும். ஓநாய் மாதிரி எதுவும் இருக்கக் கூடாது. வேலிச் செலவு மிச்சம், கடலே வேலி. பக்கத்து நிலத்துக்காரன் தொல்லை கிடையாது. கடைசியாக ஒன்று, இதை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள்: அங்கே ஆட்கள் இருக்கக் கூடாது. இருந்தாலும் நம்ம சம்பளத்தில் இருக்கிறவர்களாக இருக்கணும்.

19-ம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் இந்தக் கணக்கு எல்லாத்துக்கும் பொருந்தி வந்த இடம் ரம் தீவு. (பேரைக் கேட்டு வேறெதையும் நினைக்க வேண்டாம். அந்தப் பேச்சும் பின்னால் வருது.) இந்தத் தீவைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. மேலே சொன்ன பட்டியலில் இரண்டு, அதாவது நல்ல புல்வெளியும் ஆளில்லாத நிலமும், இயற்கையாக அமைந்தவை கிடையாது. இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே ஜனங்கள்தான். புல்வெளியை உண்டாக்கியவர்களும் அவர்கள். காலி பண்ணப்பட்டவர்களும் அவர்களே.

இடம்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டி ஹெப்ரிடீஸ் தீவுக் கூட்டம் இருக்கிறது. அதில் 'சின்னத் தீவுகள்' என்று அழைக்கப்படும் நான்கு: ரம், எய்க், மக், கன்னா. நாலில் பெரியது ரம், சுமார் 105 சதுர கிலோமீட்டர். மல்லெய்க் துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் படகுப் பயணம். தெற்குப் பக்கம் செங்குத்தான மலைகள். உயரமானது அஸ்கிவல், 812 மீட்டர். இந்த மலைப் பெயர்கள் வைக்கிங்குகள் வைத்துவிட்டுப் போனவை. படகு நிற்க வாகான ஒரே நல்ல விரிகுடா கிழக்கே இருக்கிற லாக் ஸ்கிரெசார்ட். அதன் கரையில்தான் இன்றைக்கும் ஊர், பெயர் கின்லாக்.

ஆள் வாழவே முடியாத இடம்னு நினைத்துவிடாதீர்கள். கின்லாக்கில் தோண்டியபோது சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதக் குடியிருப்பின் தடயம் கிடைத்தது. ஸ்காட்லாந்தில் தெரியவந்திருக்கும் மிகப் பழைய குடியிருப்புகளில் அதுவும் ஒன்று. அங்கே கிடைக்கும் ரத்தக்கல் என்ற ஒரு வகைக் கல்லில் ஆயுதம் செய்யவே ஜனங்கள் வந்திருக்கிறார்கள்.

மானும் ரொம்பப் பழசு. 1549-ல் இந்தத் தீவுகளைப் பற்றிக் குறிப்பு எழுதிய டொனால்ட் மன்ரோ என்ற பாதிரியார், ரம் தீவில் மான் நிறைய உண்டு என்கிறார். வேட்டை முறையையும் சொல்கிறார்: மான்களை மலை உச்சியை நோக்கி மேலே விரட்டி, அங்கே முன்பே அமைத்து வைத்த இடத்தில் மடக்குவது. இதற்காகக் கட்டிய கற்சுவர்களின் மிச்சம் மலைச்சரிவில் இன்னும் இருக்கிறது. அகலமாகத் தொடங்கி, போகப் போகக் குறுகும் சுவர்கள். நம்ம ஊரில் மீனுக்குப் பட்டி கட்டுகிற மாதிரி, மானுக்குக் கட்டியது. ஆக, தீவில் வேட்டை உண்டு, ஊரும் உண்டு. ஒன்றுக்காக இன்னொன்று காலி ஆகணும்னு அப்போது யாரும் சொல்லவில்லை.

அந்தப் பழைய மான்கள் 18-ம் நூற்றாண்டு முடிவதற்குள் அழிந்துபோயின. 1772-ல் தாமஸ் பென்னன்ட் என்ற பயணி வந்தபோது 80 மான்தான் மிச்சம். ஜனத்தொகை 325. இன்னும் இருபது வருஷத்தில் அந்த எண்பதும் இல்லை. மரங்களை வெட்டித் தீர்த்ததும் மானும் போய்விட்டது என்று அந்தக் காலத்துப் பதிவே காரணம் சொல்கிறது. இந்த இடத்தில் ஜனங்களைக் குறையே இல்லாதவர்களாகக் காட்ட வேண்டியதில்லை. தீவில் மான் இல்லாமல் போனதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

மேட்டுப்பாத்தி

அந்த 325 பேர் எப்படிப் பிழைத்தார்கள்? கடலோரத்தில் கில்மோரி, ஹாரிஸ் போன்ற சில இடங்களில் மட்டும் கொஞ்சம் மண் உண்டு. மற்றதெல்லாம் பாறை, கரிச்சதுப்பு, ஓயாத மழை. தண்ணீர் நின்றால் பயிர் அழுகிவிடும். அதனால் மண்ணை வெட்டி இரண்டு பக்கமும் வாய்க்கால் விட்டு, நடுவில் உயரமாகப் பாத்தி கட்டினார்கள். கடற்பாசியை முதுகில் சுமந்து வந்து எருவாகப் போட்டார்கள். அதில் ஓட்ஸ், பார்லி, பிறகு உருளைக்கிழங்கு. ஏர் ஓட்ட முடியாத சரிவு. எல்லாம் கைமண்வெட்டி வேலை. கோடையில் மாடுகளை மலை மேலே ஓட்டிப் போய், அங்கேயே குடிசை போட்டுத் தங்கிப் பால் கறந்தார்கள்.

இந்தப் பாத்திகள் இன்றும் தெரிகின்றன. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது எடுத்த படங்களைப் பாருங்கள். கில்மோரியிலும் ஹாரிஸிலும் பச்சைத் துணியில் மடிப்பு விழுந்த மாதிரி வரிவரியாக இருக்கும். தலைமுறை தலைமுறையாகப் பாசியும் சாணமும் கொட்டி உண்டாக்கிய மண் அது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவோம்.

1826

தீவு கோல் குடியைச் சேர்ந்த மக்லீன்களுக்குச் சொந்தம். ஜனங்கள் வாடகைக் குடிகள். நெப்போலியன் போர்கள் முடிந்த பிறகு மாட்டு விலை விழுந்தது. கடற்பாசியைச் சுட்டுச் சாம்பல் எடுக்கும் தொழிலும் படுத்தது. 1821 கணக்கெடுப்பில் தீவில் 394 பேர். வாடகை சரியாக வரவில்லை. அதே சமயம் ஆட்டுக்கு நல்ல விலை. இதெல்லாம் சேர்ந்தால் என்ன நடக்கும்னு ஸ்காட்லாந்து மலைநாட்டு வரலாறு தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

குடிகளுக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள். 1826 ஜூலையில் சுமார் 300 பேர் இரண்டு கப்பல்களில் ஏற்றப்பட்டார்கள். கப்பல்களின் பெயர் 'ஹைலேண்ட் லேட்', 'டவ் ஆஃப் ஹார்மனி'. இரண்டாவது பெயருக்கு அர்த்தம் 'இணக்கத்தின் புறா'. போன இடம் கனடாவில் நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டன். 1828-ல் இன்னும் 50 பேர் வரை போனார்கள்.

இதைப் பற்றி ஒரு சாட்சியம் இருக்கிறது. குடியேற்றத்தை விசாரித்த பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் 1827-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற எடின்பரோ வக்கீல் ஆஜரானார். ஜனங்களை அனுப்பும் ஏற்பாட்டைக் கவனித்தவர் அவரே. அவர் சொன்ன கணக்கு: பெரியவர் ஒருவருக்கு வழிச்செலவு சாப்பாட்டோடு சேர்த்து 5 பவுண்ட் 14 ஷில்லிங். முன்பு தீவின் வாடகை 300 பவுண்ட், ஒழுங்காக வராது. இப்போது ஒரே குத்தகைதாரர், 8,000 ஆடு, வாடகை 800 பவுண்ட். ஜனங்கள் விரும்பித்தான் போனார்களா என்றும் கேட்டிருக்கிறார்கள். சிலர் விரும்பினார்கள், மற்றவர்களுக்கு முன்னோர் இருந்த மண்ணை விட்டுப் போக மனசில்லை என்ற கருத்தில் பதில் சொல்லியிருக்கிறார். மறைக்கவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. கணக்கு சரியாக வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்தக் குத்தகைதாரர் லாக்லன் மக்லீன். எல்லாரையும் அனுப்பிய பிறகு ஆடு மேய்க்கவும் வேலைக்கும் ஆள் இல்லை. ஸ்கை போன்ற பக்கத்துத் தீவுகளிலிருந்து சில குடும்பங்களைக் கூட்டி வர வேண்டியதாயிற்று. 1831-ல் தீவின் ஜனத்தொகை 134. பிறகு ஆட்டு விலையும் விழுந்தது, அவரும் நொடித்துப் போனார். பதினைந்து வருஷம்கூட அந்தக் கணக்கு நிற்கவில்லை.

1844-ல் ஹியூ மில்லர் என்ற நிலவியல் அறிஞர் இங்கே வந்தார். கல்லைப் பார்க்க வந்தவர், கூரையில்லாத வீடுகளையும் பச்சையாகக் கிடந்த பழைய வயல்களையும் பார்த்து எழுதினார். ஜனங்களை அனுப்பியதால் யாருக்கும் பெரிய லாபம் கிடைத்ததாகத் தெரியவில்லை என்பது அவருடைய முடிவு.

மரமில்லாத காடு

மில்லர் வந்துபோன அடுத்த வருஷமே, 1845-ல், தீவை வாங்கினார் இரண்டாம் சாலிஸ்பரி பிரபு. (தாது வருஷப் பஞ்சத்தின்போது லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்து, பிறகு பிரதமரும் ஆன சாலிஸ்பரியின் தகப்பனார் இவர்.) நோக்கம் வேட்டையும் மீன்பிடிப்பும். வெளியிலிருந்து செம்மான்களைக் கொண்டுவந்து விட்டார். மீனுக்காக ஓர் அணையும் கட்டினார், அது சீக்கிரமே உடைந்துபோனது. மான் நின்றது, பெருகியது.

ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடணும். ரம் தீவு ஜனங்களை மானுக்காக விரட்டினார்கள் என்று சில பயணக் கட்டுரைகளில் எழுதுகிறார்கள். அது சரியில்லை. விரட்டியது ஆட்டுக்காக. மான் வந்தது கடைசிக் கப்பல் போய் 17 வருஷம் கழித்து. ஆனால் வேட்டைக்காக வாங்கியவருக்கு முக்கியமாகப் பட்டது, அந்த அழுக்கு வேலையை வேறொருவர் முன்பே முடித்து வைத்திருந்தது. அவர் யாரையும் விரட்ட வேண்டியதில்லை. காலி நிலம் விலைக்கு வந்தது, வாங்கினார்.

அந்தக் காலத்தில் இப்படி வேட்டைக்கு ஒதுக்கிய நிலத்தை ஆங்கிலத்தில் 'மான் காடு' என்றே சொன்னார்கள். ஆனால் அந்தக் காட்டில் மரம் இருக்காது. அங்கே 'ஃபாரஸ்ட்' என்ற சொல்லுக்கு மூலப் பொருள் மரக்கூட்டம் கிடையாது; வேட்டை உரிமைக்காகத் தனியாக ஒதுக்கிய நிலம் என்று பொருள். நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. கொங்குப் பக்கம் 'காட்டுக்குப் போறேன்'னா சோளமோ கடலையோ போட்ட வயலுக்குப் போறேன்னு அர்த்தம். அங்கேயும் மரம் இருக்காது. ஒரே வித்தியாசம், நம்ம காட்டில் உழவன் இருப்பான். அவர்களுடைய காட்டில் உழவன் இருக்கக் கூடாது.

மான் வேட்டை அப்போது பெரிய நாகரிகமாக மாறிக்கொண்டிருந்தது. விக்டோரியா ராணி 1848-ல் பால்மோரலைக் குத்தகைக்கு எடுத்து, 1852-ல் சொந்தமாகவே வாங்கிவிட்டார்கள். லாண்ட்சீர் 1851-ல் வரைந்த, கொம்பு விரித்து நிற்கும் ஆண் மான் படம் வீடு வீடாக அச்சுப் பிரதியில் தொங்கியது. ரயில் வந்தது. லண்டன்காரரும் மான்செஸ்டர்காரரும் ராத்திரி ஏறினால் மறுநாள் மலைநாட்டில் இறங்கலாம். 1912 வாக்கில் ஸ்காட்லாந்தில் 200-க்கும் மேற்பட்ட மான் காடுகள், மொத்தம் சுமார் 35 லட்சம் ஏக்கர். நாட்டின் மொத்த நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கம்மி.

இதற்கு எதிர்ப்பும் இருந்தது. சிறு குடிகள் போராடினார்கள், விசாரணைக் கமிஷன் வந்தது. 1886-ல் அவர்களை நினைத்தபடி வெளியேற்ற முடியாதபடி சட்டமும் வந்தது. அதன் பிறகு குடிகள் இருக்கும் நிலத்தை வேட்டைக்கு வளைப்பது கஷ்டம். ஆளே இல்லாத தீவுக்கு அந்தச் சட்டத்தால் ஒரு தொந்தரவும் இல்லை. காப்பாற்றுவதற்கு அங்கே குடி ஏது? ரம் தீவை அடுத்த பெரிய பணக்காரர் வாங்கியது 1888-ல், சட்டம் வந்து இரண்டே வருஷத்தில். அவருடைய மனசில் என்ன இருந்தது என்பதை விடுங்கள். அன்றைய சந்தையில் இப்படிப்பட்ட தீவின் மதிப்பு ஏன் உயர்ந்தே இருந்தது என்பது புரிகிறது இல்லையா?

நூற்பு மெஷினும் மாளிகையும்

வாங்கியவர் ஜான் புல்லோ. லங்காஷயரில் ஆக்ரிங்டன் ஊர்க்காரர். 'ஹோவர்ட் அண்ட் புல்லோ' கம்பெனி, பஞ்சாலை மெஷின் செய்கிறவர்கள். உலகம் பூராவும் மெஷின் விற்றார்கள், இந்தியாவுக்கும் விற்றார்கள். பழைய பஞ்சாலை மெஷின்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தப் பெயர் புதுசாக இருக்காது. தீவை ஒரு வேட்டை சொர்க்கமாக மாற்றிய பணத்தில் உலகத்து ஆலைத் தொழிலாளர்கள் ஓட்டிய கதிர்களின் காசும் கலந்திருந்தது.

ஜான் 1891-ல் இறந்தார். மகன் ஜார்ஜுக்கு அப்போது 21 வயசு. அவர் 1897-லிருந்து 1900-க்குள் கின்லாக் விரிகுடாவைப் பார்த்தபடி சிவப்பு மணற்கல்லில் ஒரு மாளிகை கட்டினார். கல் தீவில் எடுத்ததில்லை, கப்பலில் வந்தது. தோட்டத்துக்கு மண்ணும் கப்பலில் வந்தது. தண்ணீரில் ஓடும் மின்சாரம், தானாக வாசிக்கும் பெரிய இசைப் பெட்டி, கண்ணாடி வீட்டில் பனைகளும் ஆமைகளும். கட்ட வந்த வேலையாட்கள் ஸ்காட்லாந்துப் பாவாடையான கில்ட் உடுத்தினால் கூடுதல் கூலி கொடுத்தார் என்று ஒரு கதையும் உண்டு. ஊர்க்காரர்களை அனுப்பிவிட்ட இடத்தில், வெளியூர்க்காரருக்கு ஊர் வேஷம் போடக் காசு.

பெயர் சமாச்சாரம்: 'ரம் பிரபு' என்றால் கேட்கிறவர் சிரிப்பார்கள் இல்லையா? அதனால் ஆங்கிலத்தில் பெயரின் நடுவே ஓர் 'எச்' எழுத்தைச் சேர்த்தார்கள். அந்த எழுத்து 1990-களில்தான் அரசாங்கப் பயன்பாட்டிலிருந்து போனது.

வேட்டை எப்படி நடக்கும்? இலையுதிர்காலம்தான் முக்கியமான பருவம். விருந்தாளி ஒருவர், வழிகாட்டி ஒருவர். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, வாடை மானுக்குப் போகாதபடி எதிர்த்திசையில் சுற்றி, ஓடைக்குள்ளும் சேற்றுக்குள்ளும் வயிற்றால் ஊர்ந்து, பக்கத்தில் போய் ஒரே ஒரு குண்டு. விழுந்த மானைச் சுமந்து வர மட்டக்குதிரைகள். மன்ரோ சொன்ன வேட்டையில் ஊரே கூடி விரட்டி மடக்கும். இந்த வேட்டையில் ஊர் என்பது சம்பளத்துக்கு வழிகாட்டும் ஓர் ஆள். கொம்பு பெருசாக வரணும்னு இங்கிலாந்துப் பூங்காக்களிலிருந்து மான்களைக் கொண்டுவந்து கலந்தும் பார்த்தார்கள். கேட்காமல் யாரும் கரை இறங்க முடியாது. அதனால் சுற்றுவட்டாரத்தில் ரம் தீவுக்கு 'தடை செய்யப்பட்ட தீவு' என்றே பேர்.

முதல் உலகப் போரோடு அந்த வாழ்க்கை மங்கிவிட்டது. ஜார்ஜ் 1939-ல் இறந்தார். தீவின் மேற்கே ஹாரிஸில், கிரேக்கக் கோயில் மாதிரி தூண் வைத்துக் கட்டிய சமாதியில் அப்பாவும் மகனும் இருக்கிறார்கள். அதைச் சுற்றிலும்தான் நான் சொன்ன பழைய மேட்டுப்பாத்திகள். பாத்தி கட்டியவர்களின் வம்சம் கேப் பிரெட்டனில்.

மான் சொன்ன சாட்சி

1957-ல் ஜார்ஜின் மனைவி மோனிகா சீமாட்டி 23,000 பவுண்டுக்குத் தீவை அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புக்கு விற்றார். தேசிய இயற்கைக் காப்பகம் ஆனது. அப்போதும் அது தேர்வானதற்குக் காரணம் பழைய காரணம்தான்: கடல் வேலி, உள்ளே வருபவை போகிறவை இல்லை, குறுக்கே ஜனம் இல்லை. வேட்டைக்காரருக்கு வசதியானது விஞ்ஞானிக்கும் வசதி.

அதனால் நல்லதும் நடந்தது. கில்மோரியில் செம்மான்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, பிறப்பிலிருந்து சாவு வரை பல தலைமுறைகளாகக் கவனித்து வருகிறார்கள். காட்டு விலங்குகளைப் பற்றி உலகில் நடக்கும் மிக நீண்ட ஆய்வுகளில் அது ஒன்று. 1970-களின் தொடக்கத்தில் அந்தப் பகுதியில் மட்டும் மானைச் சுடுவதை நிறுத்தினார்கள். பத்து வருஷத்தில் பெண் மான்கள் இரண்டு மடங்குக்கு மேல் பெருகின. பிறகு குட்டிகள் அதிகம் சாகத் தொடங்கின, ஆண் மான்களின் எண்ணிக்கை குறைந்தது. புல்தான் எல்லை போட்டது. இன்னொரு விசித்திரம்: இந்தத் தீவின் மான்கள் சில நேரம் மலையில் பொந்து வைக்கும் கடற்பறவைக் குஞ்சுகளின் தலையையும் காலையும் கடித்துத் தின்கின்றன. சுண்ணாம்புச் சத்துக்காக என்று விளக்கம் சொல்கிறார்கள். இலை தழை தின்னும் சாதுவான மான்!

இந்தக் கட்டுரை எழுதத் தூண்டியது இன்னொரு சின்னக் கண்டுபிடிப்பு. காப்பகம் ஆனபின் தீவில் ஆடு மாடு இல்லை. கொஞ்ச வருஷத்தில் கடலோரப் புல்வெளி முரட்டுக் கோரையாக முற்றத் தொடங்கியது. அதனால் 1970-ல் ஹாரிஸ் பக்கம் மலைநாட்டு மாடுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பிறகு அளந்து பார்த்ததில், குளிர்காலத்தில் மாடு மேய்ந்த இடத்தில் வசந்தத்தில் இளம் புல் அதிகம் வருகிறது. அங்கே மான் அதிகம் மேய்கிறது. அந்த மான்கள் குட்டியும் அதிகம் ஈனுகின்றன. 1988-ல் வெளியான ஆய்வு இது.

யோசித்துப் பாருங்கள். மேட்டுப்பாத்தி கட்டி, பாசி எரு போட்டு, மாடு மேய்த்தவர்களை 1826-ல் கணக்குப் பார்த்து அனுப்பினார்கள். அவர்கள் உண்டாக்கிய பச்சையில்தான் பிரபுக்களின் மான் கொழுத்தது. கடைசியில் மானுக்கு நல்லது செய்ய, அவர்களுடைய மாட்டை மட்டும் அரசாங்கம் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது. அது 'மனிதக் கை படாத இயற்கை' என்று அந்தக் கரையில் நிற்கிறவருக்குத் தோன்றலாம். கை படாத இடத்தில் அந்தப் புல் வளர்ந்திருக்காது.

மரத்துக்கும் இதே கதை. காப்பகம் ஆன பிறகு கின்லாக் பக்கம் லட்சக்கணக்கில் நாட்டு மரக் கன்றுகள் நட்டார்கள். மான் புகாமல் வேலி போட்ட இடத்தில்தான் அவை பிழைத்தன. மரம் போனதால் மான் போனது பழைய கதை. மான் இருப்பதால் மரம் வராதது புதிய கதை.

நம்ம கடலில்

இதெல்லாம் குளிர் தேசத்து விவகாரம் என்று நினைப்பவர்களுக்கு அந்தமானைச் சொல்லணும். அங்கே புள்ளிமான் பூர்வீகம் கிடையாது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்டார்கள். புலி, சிறுத்தை, செந்நாய் எதுவும் இல்லாத தீவுகள். மான் நீந்தியே தீவுக்குத் தீவு போய், காட்டின் இளம் கன்றுகளைத் தின்று தீர்த்தது. 1950-களில் கட்டுப்படுத்தச் சிறுத்தைகளை விட்டுப் பார்த்தார்கள், அவை நிலைக்கவில்லை. அந்தமானின் பூர்வகுடிகளான ஜராவாக்கள் காட்டுப் பன்றியை வேட்டையாடுவார்கள். மானைத் தொடும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. 1972 வனவிலங்குச் சட்டம் வந்தபின் மற்றவர்களும் தொட முடியாது. போர்ட் பிளேர் எதிரே உள்ள பழைய ராஸ் தீவில் சுற்றுலா போகிறவர்கள் மானுக்குத் தீனி கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அது எப்படி அங்கே வந்தது என்று கேட்பவர் குறைவு.

இரண்டு இடத்திலும் தேர்வு ஒரே மாதிரி. கடல் சூழ்ந்த இடம், எதிரி விலங்கு இல்லை, கேள்வி கேட்கும் ஜனம் இல்லை அல்லது இருந்தாலும் கணக்கில் வரவில்லை. துப்பாக்கி பிடித்தவர் சில பத்தாண்டுகளில் போய்விட்டார். அவர் தேர்ந்தெடுத்ததன் பலனைக் காடும் புல்லும் நூறு வருஷத்துக்கு மேல் சுமக்கின்றன.

ரம் தீவில் இப்போது நாற்பது பேருக்கும் குறைவாகவே இருக்கிறார்கள். நெடுங்காலம் அங்கே குடியிருப்பது என்றால் காப்பகத்தில் வேலை இருக்கணும். வேலை போனால் வீடும் போகும். புல்லோ காலத்து ஏற்பாட்டின் தொடர்ச்சி மாதிரி. 2009-10 வாக்கில் கின்லாக் ஊரும் சுற்றியுள்ள நிலமும் அங்கே குடியிருப்பவர்களின் அறக்கட்டளைக்கு மாற்றப்பட்டது. மாளிகை மழையில் ஒழுகிக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறது. ஊர்க்காரர்கள் கொஞ்சம் வீடுகள் கட்டி, குழந்தைகள் உள்ள குடும்பங்கள் வந்தால் பள்ளிக்கூடம் நிற்கும் என்று பார்க்கிறார்கள். இருநூறு வருஷத்தில் முதல்முறையாக அந்தத் தீவுக்கு மானோ ஆடோ கேட்காமல், ஆள் வேணும் என்று கேட்கிறார்கள்.